ரெசொலூட்டிலிருந்து கிரைஸ் ஃபியோர்டுக்கு வானவழித் தொலைவு: 1,340 கி.மீ.யா, 381 கி.மீ.யா?

கேள்வி: நிலவரைவன்

அனைவருக்கும் வணக்கம். பள்ளி மாணவர்களுக்காக நான் தொகுத்துவரும் புவியியல் கையேட்டில், வெளியூர்ச் சாலை எதுவும் இல்லாமல் வானூர்தியை நம்பியே வாழும் ஊர்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அதற்கு எடுத்துக்காட்டாகக் கனடாவின் நுனாவுட் ஆட்சிப்பகுதியில், ஆர்க்டிக் பழங்குடியினரான இனுவிட் மக்கள் வாழும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று கார்ன்வாலிஸ் தீவில் இருக்கும் ரெசொலூட். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே 183 பேர் வாழ்கிறார்கள். மற்றொன்று எல்ஸ்மியர் தீவின் தென்கரையில் இருக்கும் கிரைஸ் ஃபியோர்ட். அங்கே 144 பேர்.

இவ்விரண்டுக்கும் இடையிலான வானவழித் தொலைவை இணையத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதாமல் நானே கணக்கிட்டுப் பார்க்க நினைத்ததுதான் வினையாயிற்று. ரெசொலூட் 74.697 பாகை வடக்கு, 94.829 பாகை மேற்கு. கிரைஸ் ஃபியோர்ட் 76.417 பாகை வடக்கு, 82.896 பாகை மேற்கு. அட்சரேகையில் 1.72 பாகையும் தீர்க்கரேகையில் 11.933 பாகையும் வேறுபாடு. ஒரு பாகைக்கு 111.19 கி.மீ. என்று வைத்துக்கொண்டு பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் 1,340 கி.மீ. வந்தது. தீர்க்கரேகைகள் வடக்கே போகப்போக நெருங்கும் என்பது நினைவுக்கு வந்ததால், கிழக்கு மேற்கு வேறுபாட்டை இரு ஊர்களின் சராசரி அட்சரேகையான 75.557-இன் கோசைன் மதிப்பால் பெருக்கினேன். அப்படியும் 1,324 கி.மீ. என்றுதான் எக்ஸெல் காட்டுகிறது. ஆனால் ஒரு தளம் 381 என்றும் இன்னொன்று 385 என்றும் சொல்கின்றன. வரைபடத்தில் பார்த்தாலோ இரு ஊர்களும் வெகுதூரம் தள்ளியிருப்பது போலத்தான் தெரிகிறது.

என் கணக்கில் பிழை எங்கே? திருத்தம் செய்த பிறகும் வெறும் 16 கி.மீ. மட்டும் குறைவதேன்? இன்னொன்றும் புரியவில்லை. நுனாவுட்டின் தலைநகரான இக்காலுவிட்டிலிருந்து கிரைஸ் ஃபியோர்டுக்குப் பயணச்சீட்டுத் தேடினால், முதலில் ரெசொலூட்டுக்குப் போய் அங்கிருந்து திரும்பிக் கிழக்கே வரும்படி வழி காட்டுகிறது. இது ஏன்?

மறுமொழி 1: கோணமானி

ஐயா, உங்கள் முறை சரி. எக்ஸெலுக்கு நீங்கள் கொடுத்த எண்தான் தவறு. எக்ஸெலில் கோசைன் சார்பு கோணத்தைப் பாகையில் அல்லாமல், ரேடியன் என்னும் வேறோர் அலகில் எதிர்பார்க்கிறது. நீங்கள் 75.557 என்று பாகையில் கொடுத்திருக்கிறீர்கள். அது அதை 75.557 ரேடியன் என்று எடுத்துக்கொண்டது. முழுவட்டம் ஒன்றுக்கு ஏறத்தாழ 6.2832 ரேடியன், பன்னிரண்டு முழுவட்டத்துக்கு 75.398. ஆகவே 75.557 என்பது பன்னிரண்டு முறை சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்தைச் சற்றே தாண்டி நிற்கும் கோணம். அதன் கோசைன் 0.987. உண்மையில் உங்களுக்கு வேண்டியது 75.557 பாகையின் கோசைன், அது 0.2494. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டிய நீளம் அப்படியே நின்றுவிட்டதற்குக் காரணம் இதுதான்.

இதே பிழையை வேறோர் அட்சரேகையில் செய்திருந்தால் எதிர்மறை எண்ணோ, நம்பவே முடியாத சிறிய எண்ணோ வந்து உங்களை உடனே எச்சரித்திருக்கக்கூடும். இங்கே காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது போல, ஒன்றுக்கு மிக நெருங்கிய மதிப்பு வந்து, திருத்தம் செய்தும் பயனில்லை என்ற தோற்றத்தைத் தந்துவிட்டது. என் ஆசிரியப் பணிக்காலத்தில் இந்த ரேடியன் பிழையைப் பலமுறை பார்த்திருக்கிறேன்; இவ்வளவு நயமாக ஒளிந்துகொண்டதை இப்போதுதான் பார்க்கிறேன்.

சரியான மதிப்பைப் போட்டால் கிழக்கு மேற்கு நீளம் 331 கி.மீ., தெற்கு வடக்கு நீளம் 191 கி.மீ., இரண்டையும் கொண்டு கிடைக்கும் தொலைவு 382 கி.மீ. கோளத்தின் மேல் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழியை அளக்கும் பெருவட்ட வாய்பாட்டைப் பயன்படுத்தினால் 381 வரும். தீர்க்கரேகைகள் குடைக்கம்பிகளைப் போல உச்சியை நோக்கி நெருங்குபவை. நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. அகலமிருக்கும் ஒரு பாகை இடைவெளி, ரெசொலூட்டின் அட்சரேகையில் 29 கி.மீ. அளவுக்கு ஒடுங்கிவிடுகிறது.

சராசரி அட்சரேகை முறையை எல்லா இடத்திலும் நம்பிவிடாதீர்கள். இங்கே அது ஒரு கிலோமீட்டர்தான் பிசகுகிறது. இக்காலுவிட்டுக்கும் கிரைஸ் ஃபியோர்டுக்கும் இதே முறையில் கணக்கிட்டால் 1,510 வரும். பெருவட்டத் தொலைவோ 1,500. இரு ஊர்களுக்கும் இடையே அட்சரேகை வேறுபாடு பெரிதாக இருக்கும்போது, ஒற்றைச் சராசரி அந்தச் சுருக்கத்தைச் சரியாகப் பிடிப்பதில்லை.

நிலவரைவன்

மிக்க நன்றி ஐயா. கோணத்தை ரேடியனாக மாற்றியவுடன் 382 வந்துவிட்டது. இரண்டு நாளாக வாய்பாட்டையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். இனி 381-க்கும் 385-க்கும் இடையில் எதை எழுதுவது என்பதுதான் மிச்சம்.

மறுமொழி 2: அளவைச்சங்கிலி

இரண்டுமே சரியான எண்கள்தாம். பூமியைச் சீரான கோளமாகக் கொண்டு ஊரிலிருந்து ஊருக்கு அளந்தால் 381. பூமி துருவங்களில் சற்றே தட்டையானது என்பதையும் கணக்கில் சேர்த்து, நீள்கோளத்தின் மேல் அளந்தால் ஒன்றரை கிலோமீட்டர் கூடி 383-ஐ நெருங்கும். துருவத்துக்கு அருகே தரையின் வளைவு குறைவாக இருப்பதால், அங்கே ஒரு பாகை அட்சரேகையின் நீளம் நிலநடுக்கோட்டில் இருப்பதைவிடச் சற்றே அதிகம்.

மீதி இரண்டு கிலோமீட்டர் ரெசொலூட்டின் வானூர்தி நிலையத்தால் வருவது. அந்த நிலையம் ஊரிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் வடமேற்கே, அதாவது கிரைஸ் ஃபியோர்டுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளியிருக்கிறது. கிரைஸ் ஃபியோர்டில் ஓடுபாதை ஊரை ஒட்டியே இருக்கிறது. ஆகவே நிலையத்திலிருந்து நிலையத்துக்கு 385 கி.மீ., கடல்மைலில் சொன்னால் 208. வானூர்திப் பயணத்தைப் பற்றிய பகுதி என்பதால் 385-ஐ எழுதி, அது நிலையங்களுக்கு இடையிலான அளவு என்று ஒரு சொல் சேர்த்துவிடுவது நல்லது.

வரைபடம் உங்களை ஏமாற்றியதற்கும் அதே கோசைன்தான் காரணம். இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மெர்கேட்டர் முறையில் வரையப்படுபவை. அம்முறையில் 75 பாகைக்கு அருகே எல்லா நீளமும் ஏறத்தாழ நான்கு மடங்காக விரிந்து தெரியும். நிலநடுக்கோட்டு அளவுகோலை வைத்து அளந்தால் இந்த 382 கி.மீ. 1,530 போலத் தோன்றும். கையேட்டில் படம் போடுவதாக இருந்தால் வடதுருவத்தை நடுவில் வைத்து வரைந்த படத்தையே போடுங்கள்.

மறுமொழி 3: பனிவெளிப் பயணி

கணக்கைப் பெரியவர்கள் தீர்த்துவைத்துவிட்டார்கள். நான் டொராண்டோவில் வசிக்கிறேன். மின்னாக்கிகளைப் பழுதுபார்க்கும் வேலைக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் இவ்விரு ஊர்களுக்கும் போய்வந்தேன். நீங்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். இக்காலுவிட்டிலிருந்து ரெசொலூட்டுக்கு நேர்த்தொலைவு ஏறத்தாழ 1,575 கி.மீ.; கிரைஸ் ஃபியோர்டுக்கு 1,500. அதாவது, இன்னும் வடக்கே இருக்கும் ஊர்தான் தலைநகருக்கு அருகில் இருக்கிறது. ஆனாலும் பயணி முதலில் தூரத்து ஊருக்குப் போய்விட்டுத்தான் பக்கத்து ஊருக்கு வரவேண்டும். இடையில் ஆர்க்டிக் பே என்னும் ஊரில் இறங்கி ஏறுவது வழக்கம். அந்த ஊர் நேர்க்கோட்டின் மேலேயே அமைந்ததுபோல இருப்பதால், அங்கே நிற்பதால் கூடும் தொலைவு ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். ஆனால் ரெசொலூட்டுக்குப் போய்த் திரும்பும் சுற்றுதான் 1,500 கி.மீ. வழியை 1,960-க்கும் மேலாக நீட்டிவிடுகிறது.

இதற்குக் காரணம் ஓடுபாதை. ரெசொலூட்டில் இருப்பது ஏறத்தாழ 2,000 மீட்டர் நீளமுள்ள சரளைக்கல் ஓடுபாதை; 1947-இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து அங்கே வானிலை நிலையம் அமைத்த காலத்திலிருந்து அது வடக்கின் ஒரு போக்குவரத்து மையம். கிரைஸ் ஃபியோர்டிலோ மலைச்சரிவுக்கும் கடலுக்கும் நடுவே அகப்பட்ட ஏறத்தாழ 500 மீட்டர் சரளைதான் ஓடுபாதை. இக்காலுவிட்டிலிருந்து வரும் வானூர்திகள் அதில் இறங்க முடியாது. குறுகிய இடத்தில் ஏறி இறங்கவல்ல ட்வின் ஆட்டர் என்னும் சிறிய இரட்டை எந்திர வானூர்திதான் இறங்கும். 1965-இல் முதன்முதலாகப் பறந்த, கனடாவிலேயே உருவான அந்த வகையை வடக்கில் இன்றும் எதுவும் முழுமையாக ஈடுசெய்யவில்லை என்பது என் எண்ணம். ஆனால் சுமையை ஏற்றிக்கொண்டு இக்காலுவிட்டிலிருந்து 1,500 கி.மீ. இடைநில்லாமல் பறப்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆகவே பெரிய வானூர்தி போகக்கூடிய இடம்வரை அதில் போய், எஞ்சிய 385 கி.மீ.யைச் சிறியதில் கடக்கிறார்கள்.

அந்த 385 கி.மீ.க்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பாதை வெலிங்டன் கால்வாயைத் தாண்டி, மனிதர் குடியிருக்காத தீவுகளில் உலகிலேயே பெரியதான டெவன் தீவின் வடபகுதியைக் கடந்து, ஜோன்ஸ் நீரிணையின் மேலாக எல்ஸ்மியரை அடைகிறது. வழியில் ஓர் ஊர்கூடக் கிடையாது. அங்கே பணிபுரிபவர்களிடம் பேசியபோதுதான் ஒன்றை விளங்கிக்கொண்டேன். விமானி மனத்தில் வைத்திருக்கும் எண் 385 அன்று, 770. கிரைஸ் ஃபியோர்டை நெருங்கிய பிறகு மேகமோ மலைக்காற்றோ இறங்கவிடாமல் செய்தால், வந்த வழியே ரெசொலூட்டுக்குத் திரும்ப வேண்டும். பக்கத்தில் ஒதுங்க வேறு நிலையம் இல்லை. போகவும் வரவும் மூன்று மணி நேரத்துக்கான எரிபொருளோடு, ரெசொலூட்டும் மூடிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கான சேமிப்பையும் சுமந்தே கிளம்ப வேண்டியிருக்கிறது. எரிபொருளின் எடை கூடினால், அந்த அளவுக்கு ஆட்களும் சரக்கும் குறையும். என்னுடைய கருவிப்பெட்டிகளில் ஒன்று என்னோடு வராமல் அடுத்த வானூர்தியில் வந்ததற்கு இதுவே காரணம். பின்னால் ஏற்றப்பட்ட பெட்டி எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது. அந்த மூன்று நாளும் வானம் தெளிவாக இருப்பது போலத்தான் ரெசொலூட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததாம், மூடியிருந்தது மறுமுனை.

கையேட்டில் இடமிருந்தால், மாணவர்களுக்கு இந்த இரட்டைத் தொலைவைச் சொல்லுங்கள்.

மறுமொழி 4: வடமீன்

வாய்பாடுகளைப் பற்றிப் பேசும்போது, பெருவட்டப் பாதையில் போனால் தொலைவு வெகுவாகக் குறையும் என்று பலரும் எழுதுவதுண்டு. நெடுந்தூரப் பயணத்தில் அது உண்மை. ஆனால் இந்த வழியில், ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு பறந்தாலும் பெருவட்டத்தில் பறந்தாலும் தொலைவில் ஒரு கிலோமீட்டர்கூட வேறுபாடு வராது. வேறுபடுவது திசை. ரெசொலூட்டிலிருந்து கிளம்பும்போது உண்மை வடக்கிலிருந்து 54 பாகை கிழக்காக இருக்கும் திசை, கிரைஸ் ஃபியோர்டை அடையும்போது 66 பாகையாகிவிடுகிறது. வானூர்தி எங்கும் திரும்பவில்லை. கீழே இருக்கும் தீர்க்கரேகைகள்தாம் சாய்ந்துகொண்டே வருகின்றன. 385 கி.மீ.க்குள் பன்னிரண்டு பாகை மாறுவது நம் ஊர் அட்சரேகைகளில் நினைத்துப் பார்க்க முடியாதது.

இதோடு காந்த முள்ளும் அங்கே கைகொடுப்பதில்லை. வடகாந்தத் துருவத்தை 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் பூத்தியா தீபகற்பத்தில் கண்டறிந்தார். பின்னர் அது இந்தத் தீவுக்கூட்டத்தின் ஊடாகவே வடமேற்கே நகர்ந்து, இப்போது சைபீரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. துருவத்துக்கு அருகில் காந்தப்புலம் தரைக்கு ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், முள்ளைக் கிடைமட்டமாகத் திருப்பும் விசை மிகச் சிறியதாகிவிடுகிறது. அதனால்தான் கனடாவின் வடக்கு வான்பரப்பில் ஓடுபாதைகளையும் பறக்கும் திசைகளையும் காந்த வடக்கால் குறிக்காமல் உண்மை வடக்கால் குறிக்கிறார்கள்.

திசையில் புகும் சிறு பிழை என்ன செய்யும் என்பதற்கு ரெசொலூட்டே சான்று. 2011 ஆகஸ்ட் 20 அன்று யெல்லோநைஃபிலிருந்து 15 பேருடன் வந்த போயிங் 737 வானூர்தி ஒன்று, ஓடுபாதைக்குக் கிழக்கே இருந்த குன்றில் மோதி 12 பேர் இறந்தனர். திசைகாட்டும் கருவியில் ஏற்பட்ட பிழையும் அதற்கான காரணங்களில் ஒன்று என்று விசாரணை கண்டது.

மறுமொழி 5: ஏட்டுச்சுவடி

தொலைவைப் பற்றிய இழை என்பதால், அந்தத் தொலைவு எப்படி உண்டாயிற்று என்பதையும் சேர்த்துவிடுகிறேன். இவ்விரு ஊர்களும் தாமாக வளர்ந்த ஊர்கள் அல்ல. 1953-லும் 1955-லும் கனடா அரசு வடக்குக் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுவிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தியது. உயர் ஆர்க்டிக்கில் வாழப் பழகியவர்கள் உதவுவார்கள் என்று பாண்ட் இன்லெட்டிலிருந்தும் சில குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். இனுக்ஜுவாக்கிலிருந்து கிரைஸ் ஃபியோர்டுக்கு நேர்க்கோட்டிலேயே 2,000 கி.மீ. ஆகும்.

எல்லோரும் ஒரே இடத்தில் வாழப்போகிறோம் என்று நம்பி வந்தவர்களுக்கு, வெவ்வேறு இடங்களில் இறக்கிவிடப்போகிறார்கள் என்ற செய்தி கப்பலில்தான் தெரியவந்தது. ஒரு பிரிவினரைக் கார்ன்வாலிஸ் தீவிலும் மற்றொரு பிரிவினரை எல்ஸ்மியரிலும் இறக்கினார்கள். நீங்கள் கணக்கிட்ட 385 கி.மீ. உறவினரைப் பிரித்த தொலைவு. விரும்பினால் இரண்டு ஆண்டில் திரும்பலாம் என்ற வாக்குறுதியும் காப்பாற்றப்படவில்லை. 2010 ஆகஸ்ட் 18 அன்று அரசு இதற்காக மன்னிப்புக் கேட்டது.

இனுக்டிடுட் மொழியில் ரெசொலூட்டின் பெயர் கவுசுயிட்டுக், விடியல் இல்லாத இடம் என்று பொருள். நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை அங்கே கதிரவன் எழுவதில்லை. கிரைஸ் ஃபியோர்டின் பெயர் அவுசுயிட்டுக், ஒருபோதும் உருகாத இடம். தெற்கே வாழ்ந்த வேட்டைக்காரர்கள் அங்கே முதல் குளிர்காலத்தைக் கழித்த பிறகு வைத்துக்கொள்ளக்கூடிய பெயர்களாகவே இவை எனக்குப் படுகின்றன. கிரைஸ் ஃபியோர்ட் என்பது அதற்கும் முன்னால், 1898 முதல் 1902 வரை அங்கே சுற்றித்திரிந்த நார்வேக்காரர் ஓட்டோ ஸ்வெர்ட்ரூப்பின் குழு வைத்த பெயர். பன்றிக் கடற்கழி என்று பொருள். கடற்குதிரை என்று சிலர் தவறாக எழுதுகிறார்களே, அந்தத் தந்தமுள்ள வால்ரஸ் விலங்கின் உறுமல் அவர்களுக்குப் பன்றியை நினைவூட்டியதாம்.

நிலவரைவன்

ஒரு கணக்குப் பிழையைக் கேட்க வந்தவனுக்கு இவ்வளவும் கிடைத்துவிட்டது. அட்டவணையில் நிலையங்களுக்கு இடையே 385 கி.மீ., பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி என்று எழுதி, திரும்பி வருவதற்கான எரிபொருளைப் பற்றி அடியில் இரண்டு வரி சேர்க்கிறேன். குடியமர்த்தலுக்குத் தனிப் பெட்டிச் செய்தியே ஒதுக்க வேண்டும்.

திருத்திய கோப்பை வைத்து ஆர்க்டிக் பே நிலையத்துக்கும் ரெசொலூட் நிலையத்துக்கும் கணக்கிட்டேன், 361 கி.மீ. வந்தது. கோணமானி ஐயா ஒருமுறை பார்த்துச் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.

கோணமானி

பெருவட்ட வாய்பாட்டில் எனக்கு 360 வருகிறது. உங்கள் முறைக்கு 361 சரியே. கோப்பில் ஒன்றை மட்டும் மாற்றிவிடுங்கள். கோணத்தை ரேடியனாக்கும் சார்பை ஒவ்வொரு வாய்பாட்டுக்குள்ளும் எழுதாமல், அட்சரேகைக்குப் பக்கத்தில் தனி நெடுவரிசையாக வைத்து, அதன் தலைப்பில் ரேடியன் என்று எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் அந்தக் கோப்பைத் திறக்கும்போது பன்னிரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து நிற்கமாட்டார்.